அடுக்களை வாயில்: ‘அக்னிச் சிறகுகள்’ காட்டும் ஆசார முரண்

இராமநாதபுரத்தினின்று கிழக்கே செல்லும் இருப்புப்பாதை உச்சிப்புளியையும் மண்டபத்தையும் கடந்து, பாம்பன் நீரிணையின் மேலேறித் தீவினுட் புகுகின்றது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பெறுவதற்கு முன் இராமேசுவர யாத்திரிகர் தோணியேறியே கடலைக் கடந்தனர். தோணியில் ஓரளவு மடி காத்தல் இயன்றிருக்கலாம். புகைவண்டியில் அஃது அரிது. பயணச்சீட்டுப் பெற்றவன் எவனாயினும் அருகில் வந்து அமர்வான். அவனுடைய நீர்ச்செம்பு நம் மூட்டைமீது படும். வண்டியினின்று இறங்கித் தீர்த்தமாடிய பின்னரே ஆசாரமுடையார் தம் ஆசாரத்துள் மீளப் புகுதல் கூடும். புகைவண்டிப் பெட்டியைப் போன்றதே பள்ளிக்கூடத்து விசிப்பலகையும். இவ்விரண்டும் சமயத்தை மறுத்து எவ்வுரையும் பகர்ந்தில, மக்களை அருகருகே அமரச்செய்தன, அவ்வளவே. முரண் ஆண்டுத் தோன்றிற்று.

அம்முரணை இக்கடற்கரைக்கே உரிய முறையில் காட்டும் நூல் ஒன்றனை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அது ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள் அருண் திவாரி என்பாருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதி 1999ஆம் ஆண்டில் வெளிவந்து, தமிழில் ‘அக்னிச் சிறகுகள்’ என்னும் பெயரால் வழங்குவதாகும். இதனை இளைஞர்க்கு ஊக்கமூட்டும் நூலென்றும் விண்வெளி ஆராய்ச்சி வரலாறென்றும் பலர் பயின்றுள்ளனர். தொடக்கத்திலுள்ள இராமேசுவரப் பகுதிகளைச் சமய நல்லிணக்கத்திற்கு மேற்கோளாகக் காட்டுவாரும் மிகப் பலர். அங்ஙனம் காட்டுவோர் அப்பகுதிகளை ஊன்றிப் படித்திலர் என்பது நம் கருத்து. நல்லிணக்கம் என்னும் ஒரு சொல்லால் மூடிவிடத்தக்க எளிய செய்தி ஆண்டு இல்லை.

இரண்டு நிகழ்ச்சிகளை அந்நூல் அடுத்தடுத்து உரைக்கின்றது. முதலாவது இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் நிகழ்ந்தது. தொப்பியணிந்த இசுலாமியச் சிறுவனும், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரி என்னும் அவன் தோழனும் முன்வரிசையில் ஒருங்கே அமர்ந்திருந்தனர். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் கோயிற் குருக்களின் மகனருகே அச்சிறுவன் அமர்ந்திருத்தலைப் பொறாராய் அவனைப் பின்வரிசைக்கு அனுப்பினார். சிறுவர் இருவரும் வருந்தினர், வீட்டிற் கூறினர். இராமநாதனின் தந்தையாராகிய பட்சி இலட்சுமண சாஸ்திரிகள் ஆசிரியரை அழைப்பித்துக் கடிந்து, மன்னிப்புக் கேட்டல் வேண்டும், இன்றேல் பள்ளியையும் தீவையும் விட்டு நீங்குதல் வேண்டும் என்றார். ஆசிரியர் தம் செயலுக்கு வருந்தித் திருந்தினார்.

இந்நிகழ்ச்சி கேட்டற்கு இனியது. ஆயினும் திறனாய்வார்க்கு இதன்கண் அகழ்ந்து காணத்தக்கது குறைவே. ஆசிரியர் எந்தச் சமய மேன்மையைக் காக்க முற்பட்டாரோ அம்மேன்மையின் தலைவரே அவரைத் தடுத்துவிட்டார். ஆணை ஆணையால் மாற்றப்பட்டது. சாஸ்திரிகள் வேறு இயல்பினராய் இருந்திருப்பின் சிறுவன் பின்வரிசையிலேயே இருந்திருப்பான். தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) இத்தகைய அதிகாரம் எதிர்ப்புறம் சாய்ந்தால் யாது நேரும் என்பதைக் காட்டுகின்றது. தென்கோடிக் கடற்கரையூர் ஒன்றில், செல்வமும் சமயத் தலைமையும் கைகோத்து நின்று ஆங்கிலப் பள்ளியின் வரவை எதிர்க்கும் கதை அது. இரண்டிடத்தும் ஊர்ப் பெரியவர் ஒருவரின் சொல்லே தீர்ப்பாகின்றது. நம்பிக்கை உள்ளத்தில் எவ்வாறு இயங்குகின்றது, எவ்வாறு இளகுகின்றது என்பது சாஸ்திரிகள் நிகழ்ச்சியில் இல்லை.

இரண்டாம் நிகழ்ச்சி அதனைக் கொண்டுள்ளது. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஆசாரமுள்ள அந்தணர் குடியினர். அவர்தம் மனைவியாரோ ஆசாரத்தில் மிக உறுதியுடையவர். ஐயர் சிறுவனை ஒருநாள் உணவுக்கு அழைத்தார். தம் மடி அடுக்களைக்கு இசுலாமியச் சிறுவன் உண்ண வருதல் கேட்டு அம்மையார் திடுக்கிட்டார், பரிமாற மறுத்தார். ஐயர் கலங்கவுமில்லை, மனைவியைச் சினக்கவுமில்லை. தம் கையாலேயே பரிமாறி, சிறுவனருகே அமர்ந்து தாமும் உண்டார். அம்மையார் அடுக்களைக் கதவின் பின்னின்று நோக்கியிருந்தார். விடைபெறும் வேளையில் அடுத்த வாரமும் வருமாறு ஐயர் அழைக்க, சிறுவன் தயங்கினான். ஒரு முறைமையை மாற்றத் துணிந்தவர் இத்தகைய இடர்களை எதிர்கொள்ளவே வேண்டும் என ஐயர் தேற்றினார். மறுவாரம் சென்றபோது அம்மையாரே அவனை அடுக்களையுள் அழைத்துச் சென்று தம் கையால் உணவு பரிமாறினார். சில வரிகளில் முடிந்துவிடும் செய்தி இது.

இதன்கண் பலரும் கருதாது கடக்கும் ஒரு குறிப்பு உண்டு. தான் சோறு உண்ட முறையிலோ, நீர் பருகிய முறையிலோ, உண்டபின் தரையைத் தூய்மை செய்த முறையிலோ ஏதேனும் வேறுபாட்டை அம்மையார் கண்டிருப்பாரோ எனச் சிறுவன் எண்ணினான் என்பதே அது. ஆங்கிலம் மட்டும் அறிந்தார்க்கு இம்மூன்றும் பொதுவான செய்கைகளாகத் தோன்றும். தரையைத் துடைத்தலை விருந்தினனின் நற்பண்பு என்றும் கொள்வர். தமிழகத்து வீடுகளை அறிந்தார்க்கு இம்மூன்றும் மூன்று தேர்வுகள். பத்து, எச்சில், மடி, தீட்டு என ஆசார வீடுகளில் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எல்லையுடையன. சமைத்த சோற்றைத் தொட்ட கை மற்றொன்றைத் தொடலாகாது, அது பத்து. வாய் பட்டது எச்சில். ஆதலின் செம்பை உதட்டில் வையாது அண்ணாந்து பருகுதல் வேண்டும். இலை எடுத்த இடத்தை நீர் தெளித்து மெழுகி எச்சிலிட்டாலன்றி அவ்விடத்தில் மற்றொருவர் அமர்தல் இல்லை. இவை யாவற்றையும் ஒரே ஆங்கிலத் தொடரால் குறித்தல் இயலும். குறித்தவுடன் சிறுவனின் அச்சம் பொதுப்பட்ட கூச்சமாகக் குறுகிவிடுகின்றது. நீர் பருகுதலில் உண்மையாகவே ஒரு வேறுபாடு நேர்ந்திருத்தல் கூடும். அமர்ந்து, வாய் வைத்து, சிறுகச் சிறுகப் பருகுதலே இசுலாமிய மரபிற் சிறப்புடையது. ஒரு வீட்டில் நன்முறையாவது மற்றொரு வீட்டில் எச்சிலாகின்றது. அச்சிறுவன் இதனை உணர்ந்திருந்தான் என்பதே அவ்வொரு வாக்கியத்தின் ஆழம்.

சோற்றைப் பொறுத்தவரை வேறுபாடு யாது? இக்கடற்கரை இசுலாமியர் விருந்துகளில் சிலர் கூடி ஒரே சகனில் உண்ணும் வழக்கம் உண்டு. ஆயின் கலாம் அவர்களின் இல்லத்து நாள்வழக்கை நூலே முன்னர்க் கூறியுள்ளது. தாயாருடன் அடுக்களைத் தரையில் அமர்ந்து, வாழையிலையில் சோறும் சாம்பாரும் ஊறுகாய் வகைகளும் தேங்காய்த் துவையலும் உண்டதாக ஆண்டு வருகின்றது. இலையும் அதுவே; தரையும் அதுவே; சோறும் சாம்பாரும் அவையே. ஐயர் இல்லத்தில் முதல்நாள் அவனுக்கு மறுக்கப்பட்டது உணவன்று. அடுக்களையும் ஒரு பெண்ணின் கையுமே மறுக்கப்பட்டன. ஆதலின் மறுவாரம் அம்மையார் அவனை உள்ளழைத்தபோது அவன் பெற்றது தன் தாயின் அடுக்களையை ஒத்த ஓரிடம். இவ்விரு பகுதிகளையும் இணைத்து நோக்குவார் அரியர். நூலாசிரியரும் இணைத்துக் காட்டிலர், காட்டாமை நன்றே.

இனி, நீரைப் பற்றிய மற்றொரு செய்தி. கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாபிதீன் தொழுகை முடித்துப் பள்ளிவாசலினின்று வெளிவருங்கால், பல சமயத்தாரும் கிண்ணங்களில் நீர் ஏந்திக் காத்திருப்பர். அவர் விரல் நுனியை நனைத்து இறைவனை வேண்டித் தருவார். அந்நீர் நோயாளிகளுக்காக வீடுகளுக்குக் கொண்டு செல்லப்படும். நூலின் தொடக்கத்திலேயே இச்செய்தி உளது. அஃதன்றிச் சீதாராம கல்யாண விழாவில் இறைத் திருமேனிகளைத் தீர்த்தத்தின் நடுவே கொண்டுசெல்லும் ஓடங்களை அமைத்துத் தந்ததும் அக்குடும்பமே. தந்தையின் விரல் பட்ட நீர் மருந்தாகின்ற ஊரில் மகன் உண்ட இடம் தீட்டாகுமோ எனும் ஐயம் எழுகின்றது. இதனைப் பொய்ம்மை எனச் சிலர் இகழலாம். நாம் அங்ஙனம் கருதுகிலோம். பள்ளிவாசல் முற்றமும் தீர்த்தக் கரையும் பொதுவிடங்கள். ஆண்டு அருள் முந்தும். அடுக்களையோ நாள்தோறும் காக்கப்படும் எல்லை. ஆண்டு முறையே முந்தும். கடுமையான நம்பிக்கை பெரிய இடங்களில் நெகிழ்ந்துகொடுத்தும் சிறிய இடங்களில் இறுகி நிற்றல் யாண்டும் காணத்தக்கது.

அவ்வெல்லையைக் காப்பார் யார் என்னும் வினா இங்கு எழுகின்றது. விடியலில் நீராடி, மடியுடுத்து, பாண்டம் துலக்கி, அடுப்பு மெழுகி, பிறர் தொடாது சமைத்துப் பரிமாறுவார் அம்மையாரே. ஐயர் முறைமையை மாற்றத் துணிந்தவர், பாராட்டத்தக்கவர், ஐயமில்லை. ஆயினும் அம்மாற்றத்தால் அவர்தம் அன்றாட உழைப்பில் மாறியது ஒருவேளைப் பரிமாறுதல் மட்டுமே. அம்மையார்க்கோ தம் வாழ்நாள் ஒழுக்கம் முழுவதும் அவ்வொரு நண்பகலில் வினாவுக்கு உள்ளாயிற்று. சிறுவனுடன் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ட கணவர்க்கு அன்றிரவும் மறுநாளும் அவ்வடுக்களையிலேயே அவர் உணவு படைத்திருத்தல் வேண்டும். எல்லை வீட்டினுள்ளேயே கடக்கப்பட்டுவிட்டது. ‘சீர்திருத்தக்காரர் கணவர், பழமைவாதி மனைவி’ என்று பகுத்துவிட்டு மேற்செல்லும் வாசிப்பை நாம் ஏற்பதற்கில்லை. நூலும் அப்பகுப்பிற்கு இடந்தருகின்றது. ஐயருக்குப் பெயரும் பேச்சும் உள. அம்மையார்க்கு இரண்டும் இல. இருந்தும் அக்கதையில் மனம் மாறியவர் அவர் ஒருவரே. ஐயர் முதல்நாளே மாறியிருந்தவர்.

பெரியபுராணத்தில் இதனோடு ஒப்பிடத்தக்க வரலாறு ஒன்று உளது. சாத்தமங்கைத் திருநீலநக்க நாயனார் பூசை செய்கையில் இலிங்கத்தின்மேல் விழுந்த சிலந்தியை அவர் மனைவியார் அன்பு மிகுதியால் வாயால் ஊதித் துமிந்து போக்கினார். எச்சில் பட்டதென நாயனார் அவரைத் துறந்தார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றி, அம்மையார் ஊதிய இடமொழிய ஏனைய இடமெல்லாம் கொப்புளம் எழுந்திருத்தலைக் காட்டினன். பின்னர் அந்நாயனாரே, சம்பந்தர் பணித்தவாறு, திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் துணைவியார்க்கும் தம் வேள்விச் சாலையின் வேதியருகே தங்க இடமளித்தார். வேதித் தீ வலஞ்சுழித்து ஓங்கிற்று. ஈண்டு ஆசாரத்தில் இறுகியவர் கணவர். அன்பால் எல்லை கடந்தவர் மனைவியார். இராமேசுவர இல்லத்தில் இந்நிலை தலைகீழாகின்றது. அதனினும் நோக்கத்தக்க வேறுபாடு மற்றொன்று: சேக்கிழார்க்குக் கனவும் தீயும் வேண்டியிருந்தன. இறைவனே வந்து சான்று பகர்ந்தாலன்றி ஆசாரம் அசையாது என்பது புராண அமைதி. கலாம் அவர்களின் நூலில் எவ்வகை அடையாளமும் தோன்றவில்லை. ஒரு வாரம் கழிகின்றது, கதவு திறக்கின்றது.

அவ்வொரு வாரத்தைப் பற்றி நூல் ஒன்றும் கூறவில்லை. கூறாமை பத்து வயதுச் சிறுவனின் நோக்குநிலைக்குப் பொருத்தமே. அவன் கண்டது இரண்டு நண்பகல்களை மட்டுமே. ஐம்பது ஆண்டு கடந்து எழுதிய ஆசிரியர் அம்மையாரின் உள்ளத்தைப் புனைந்து நிரப்பியிருப்பின் நாம் அதனை நம்பியிரோம். நம் குறை வேறு. அவ்வமைதியை நூல் நிலைக்கவிடாது விரைகின்றது. கதவு திறந்த அளவில் சிறுவன் உயர்கல்விக்காக இராமநாதபுரம் செல்லும் செய்திக்குத் தாவிவிடுகின்றது. மண்டபத்தையும் உச்சிப்புளியையும் கடக்கும் அவ்வழியில் கதையும் சிறுவனும் முன்னேறிச் சென்றுவிட, அடுக்களை பின்தங்கிவிடுகின்றது. பறவை பறத்தலைக் கடற்கரையில் கற்பித்துத் தம் வாழ்வின் போக்கை வகுத்தவர் இச்சிவசுப்பிரமணிய ஐயரே எனக் கலாம் அவர்கள் பிற்காலத்து உரைகளில் பலகாலும் நினைவுகூர்ந்தார். (அவ்வழியிலுள்ள உச்சிப்புளியில் இன்று ‘பருந்து’ என்னும் பெயரால் கடற்படை வானூர்தித் தளம் ஒன்று அமைந்திருத்தல் வியப்பான பொருத்தம்.) பறவைப் பாடம் ஊரறிந்ததாயிற்று. அடுக்களைப் பாடத்தைக் கற்பித்தவர் எவரெனக் கேட்பார் இலர்.

ஒருவர் வினவலாம்: சில வரிகளில் அமைந்த நிகழ்ச்சிக்கு இத்துணைப் பொருள் ஏற்றுதல் தகுமோ என. அந்நூலின் பிற்பகுதியில் ஏவுகணைகளின் அமைப்பும் பெயர்களும் பக்கம் பக்கமாக வருகின்றன. அவை பொறியியலார்க்குப் பயன்படுக. தமிழாய்வார் அந்நூலைத் தம் பாடமாகக் கொள்வதாயின், தமிழில் நிகழ்ந்து ஆங்கிலத்தில் எழுதப்பெற்று மீளத் தமிழுக்கு வந்த இத்தகைய பகுதிகளையே முதற்கண் கொள்ளல் வேண்டும். சென்றும் மீண்டும் வந்த வழியில் உதிர்ந்த சொற்கள் எவை என்பது ஆராயத்தக்கது. அம்மையார் மறுவாரம் சிறுவனை உள்ளே அழைத்தது ஏதேனும் ஒரு சொல்லாலாதல் வேண்டும். அச்சொல் நூலில் இல்லை. தாயார் இட்ட இலையில் சோறு, சாம்பார், ஊறுகாய், துவையல் என ஒவ்வொன்றும் பெயர் பெற்றுள்ளன. அம்மையார் இட்டது உணவு என்ற அளவில் நிற்கின்றது.