கலாவின் உறுமி

டிசம்பர் சீசனில் மயிலாப்பூர் சபா கேன்டீனில் கியூவில் நின்று ரவா தோசை சாப்பிட்டிருப்பீர்கள். அந்த சபா மேடையில் எப்போதாவது உறுமி கேட்டிருக்கிறீர்களா?

நானும் கேட்டதில்லை. உறுமிக்கு நாம் ஒதுக்கி வைத்திருக்கும் இடங்கள் அம்மன் கோயில் திருவிழா, சாவு வீடு, சினிமாவில் கிராமத்துக் குத்துப்பாட்டு. அவ்வளவுதான்.

அதை லண்டன் டான்ஸ் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். மாதங்கி அருட்பிரகாசம், மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. 1975-ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்த, கொஞ்ச காலம் மெட்ராஸில் ஒரு பாழடைந்த வீட்டில் இருந்து, 1986-ல் அகதியாக லண்டன் திரும்பியவர். அப்பா ஈரோஸ் இயக்கத்துக்காரர். வீட்டில் பார்ப்பதே அபூர்வம். அம்மா கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். குடியிருந்தது மிட்சம் என்ற பகுதியில் அரசுக் குடியிருப்பு. நம்மூர் ஹவுசிங் போர்டு மாதிரிதான். இனவெறி மட்டும் எக்ஸ்ட்ரா. பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட ஹிப் ஹாப்தான் பாட்டு வாத்தியார்.

முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர்: 'அருளர்' (2005). இரண்டாவதற்கு அம்மா பெயர்: 'கலா' (2007). இந்த இரண்டாவதில் ஒரு பகுதி நம்ம சென்னையில் பதிவானது. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டை ஒருமுறை சத்தமாக வைத்துக் கேளுங்கள்.

குரல்? சுமார்தான். சுருதி சுத்தம் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பாதி பேச்சு, பாதி பாட்டு. சில இடங்களில் இரைச்சலில் வார்த்தையே தொலைந்துவிடுகிறது. ஆனால், உறுமியை எங்கே உட்கார வைத்திருக்கிறார் பாருங்கள்! நம் சினிமாவில் உறுமி வந்தால், 'இதோ கிராமம்' என்று போர்டு மாட்டியதாக அர்த்தம். இங்கே அது எந்த ஊருக்கும் போர்டு பிடிக்கவில்லை. வளைந்த குச்சி தோலை உரசும்போது வரும் அந்த முனகல்தான் பாட்டே. கம்ப்யூட்டர் சத்தமெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம்.

அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' உலகம் முழுக்க ஓடி, 2009-ல் கிராமி நியமனம்வரை போனது. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கும், கல்லாப்பெட்டி திறக்கும். பிழைக்க வந்தவனை எல்லாம் திருடனாகப் பார்க்கிறவர்களுக்கு வைத்த குட்டு அது.

2020-ல் எம்.ஐ.ஏ., பிரிட்டனின் எம்.பி.ஈ. பதக்கம் வாங்கினார். அந்தப் பதக்கங்களுக்கான தையல் வேலையைப் பல வருடங்களாகக் கையால் செய்துவந்தவர்... அம்மா கலா!

தைத்தவர் பெயரில் ஓர் ஆல்பம் வந்துவிட்டது. உறுமி அடித்தவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் பக்கத்தில் நானும் லண்டன் பெண்ணைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்!

அடுத்த முறை உங்கள் தெருவில் உறுமி வந்தால், ஜன்னலைச் சாத்தாமல் ரெண்டு நிமிஷம் நின்று கேளுங்கள். முடிந்தால், அடிக்கிறவர் பெயரையும் கேளுங்கள்.