யூனிக்ஸ் பிழைச் செய்திகளில் எதிர்மறை: ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

1. முன்னுரை

இலக்கியமும் சட்டமும் மொழிபெயர்ப்பாய்வில் பெற்றுள்ள இடத்தைக் கணிப்பொறியின் பிழைச் செய்தி பெறவில்லை. மூன்று நான்கு சொற்களில் முடியும் தொடரில் ஆராய என்ன உண்டு என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆனால், பழுது நேர்ந்த பொழுதில் நிரலாளர் முதலில் கற்கும் பனுவல் இதுவே. இதனைப் பிழைபட உணர்ந்தால் அவர் பழுதைத் தவறான இடத்தில் தேடுவார். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் வழங்கும் பிழைச் செய்திகளின் மொழியமைப்பையும், அவற்றைத் தமிழாக்குவதில் எழும் பொருள் மயக்கங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இங்குத் தரப்படும் எண்கள் லினக்ஸில் வழங்குபவை.

2. எண், பெயர், தொடர்

யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. அதன் கருப்பகுதியாகிய கெர்னல் பிழையைச் சொல்லால் உணர்த்துவதில்லை. ஓர் எண்ணை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. அவ்வெண் 'எர்னோ' என்னும் மாறியில் வைக்கப்படுகிறது. அதனை ஆங்கிலத் தொடராக மாற்றுவது சி மொழி நூலகத்தின் பணி. எனவே ஒரு பிழைக்கு மூன்று வடிவங்கள் உள்ளன: எண் (2), குறியீட்டுப் பெயர் ('இநோயென்ட்'), தொடர் ('நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'). போசிக்ஸ் தரநிலை பெயர்களை வரையறுக்கிறது; எண்களின் மதிப்பை வரையறுக்கவில்லை. தொடரோ நூலகத்திற்கு நூலகம் மாறக்கூடியது.

25ஆம் பிழை இதற்குத் தக்க சான்று. பழைய யூனிக்ஸில் இதன் தொடர் 'நாட் எ டைப்ரைட்டர்' என்பதாகும். தொலைத்தட்டச்சுப் பொறிகளே முனையங்களாக இருந்த காலத்தில் இத்தொடருக்கு நேர்ப்பொருள் இருந்தது. முனையத்திற்கு மட்டுமே உரிய கட்டளையை வேறொரு பொருளுக்கு இட்டால் இப்பிழை எழும். பின்னாளில் இது 'கருவிக்குப் பொருந்தாத ஐயாக்டல்' என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. பெயர் மாறவில்லை, அதில் தொலைத்தட்டச்சின் சுருக்கமாகிய 'டிடிஒய்' இன்றும் உள்ளது. பழைய தொடரைத் 'தட்டச்சுப்பொறி அன்று' எனப் பெயர்ப்பது சொல்லுக்குச் சொல் சரியானது. பயனரைப் பொறுத்தவரை பொருளற்றது.

இப்பிழைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. எர்னோவின் மதிப்பு, ஓர் அழைப்பு தோல்வியுற்ற பின்னரே பொருளுடையது. முற்கால நூலகங்களில், முதன்முறை அச்சிடும்போது வெளியீடு முனையத்திற்குச் செல்கிறதா எனச் சோதிக்கப்படும். அது கோப்புக்குச் சென்றால் சோதனை தோற்று, எர்னோவில் 25 தங்கிவிடும். தோல்வி நேர்ந்ததா எனப் பாராது எர்னோவை அச்சிட்ட நிரல்கள் யாதொரு தொடர்புமின்றித் தட்டச்சுப்பொறியைப் பற்றிப் பேசின. தொடர் இலக்கணப்படி பிழையற்றது. அது கூற்று நிகழ்ந்த சூழலுக்கு உரியதன்று.

3. 'இல்லை'யும் 'அன்று'ம்

தமிழாக்கத்தில் மிகுந்த கவனம் வேண்டுவது எதிர்மறையாகும். 2ஆம் பிழை இருப்பை மறுக்கிறது: குறித்த பெயரில் கோப்போ அடைவோ இல்லை. 20ஆம் பிழை ('நாட் எ டைரக்டரி') இருப்பை மறுப்பதில்லை, தன்மையை மறுக்கிறது. '/etc/passwd/x' போன்ற பாதையில், அதாவது ஈடிசி என்னும் அடைவிலுள்ள பாஸ்வேர்டு கோப்பினுள் மற்றொன்றைத் தேடும் பாதையில், அக்கோப்பு உள்ளது. ஆனால், அஃது அடைவு அன்று. ஆகவே 20ஆம் பிழை எழுகிறது.

இன்றைய பேச்சுத்தமிழில் 'இல்லை' என்பது இருப்பின் மறுப்புக்கும் தன்மையின் மறுப்புக்கும் பொதுவாக வழங்குகிறது. அவ்வழக்கைப் பின்பற்றி 20ஆம் பிழையை 'அடைவு இல்லை' என எழுதினால், அடைவு காணப்படவில்லை என்றே படிப்பவர் கொள்வார். 2ஆம் பிழையும் 20ஆம் பிழையும் ஒன்றாகிவிடும். நிரலாளர் இல்லாத அடைவை உருவாக்க முனைவார். அவ்விடத்தில் அதே பெயரில் கோப்பு இருப்பதால் மீண்டும் தோல்வியுறுவார். 'அடைவு அன்று' என்னும் எழுத்து வழக்கு இம்மயக்கத்தை அறவே நீக்குகிறது. பழமை எனக் கருதி ஒதுக்கப்படும் வேறுபாடு இங்குத் தொழில்நுட்பத் தேவையாகிறது.

4. இசைவும் உரிமையும்

1ஆம் பிழை ('ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'), 13ஆம் பிழை ('பெர்மிஷன் டினைட்') ஆகிய இரண்டையும் 'அனுமதி மறுக்கப்பட்டது' எனப் பெயர்ப்பது எளிது. ஆங்கிலத்திலும் இரண்டும் ஒரே வேர்ச்சொல்லையே கொண்டுள்ளன. ஆனால் காரணங்கள் வேறு. படிக்க இசைவில்லாத கோப்பைத் திறக்க முயன்றால் 13 எழும். கோப்பின் இசைவுக் குறிகளைத் திருத்தினால் தீரும். பிறருக்கு உரிய கோப்பின் குறிகளைத் திருத்தவே முயன்றால் 1 எழும். உரிமையாளரோ சிறப்புரிமை பெற்றவரோ அல்லாதார் செய்ய இயலாத செயல் அது. முன்னது பொருளின்மீது அமைந்த தடை. பின்னது வினைமுதலின் தகுதிக் குறை. 'அணுக இசைவு இல்லை', 'இச்செயலுக்கு உரிமை இல்லை' எனப் பெயர்த்தால் வேறுபாடு ஆங்கிலத்தைவிடத் தெளிவாக நிற்கும்.

5. சுட்டு

2ஆம் பிழையிலுள்ள 'சச்' என்பது சுட்டுச்சொல். அது எதனைச் சுட்டுகிறது? பெரும்பாலும் பயனர் இட்ட பெயரை. எனினும் எப்போதும் அவ்வாறன்று. கண்முன் இருக்கும் நிரலை இயக்கும்போதும் இப்பிழை எழலாம். நிரற்கோப்பு உள்ளது, அதனை இயக்கவேண்டிய இன்டர்பிரட்டர் இல்லை. விண்டோஸில் எழுதிய கோப்பின் முதல் வரி இறுதியில் கண்ணுக்குப் புலப்படாத வரித்திருப்பக் குறி ஒன்று ஒட்டியிருப்பின், அக்குறியும் இன்டர்பிரட்டரின் பெயரில் அடங்கிவிடும். அப்பெயரில் கோப்பு ஏதும் இராது. கெர்னல் கூறியது மெய். சுட்டுக்கு உரிய பெயர்தான் மறைந்துள்ளது. சில கட்டளைமுகங்கள் இக்குறையுணர்ந்து இன்டர்பிரட்டரின் பெயரையும் சேர்த்துத் தருகின்றன. எனவே '(நீர் கேட்ட) கோப்பு இல்லை' என விளக்கம் சேர்த்துப் பெயர்ப்பது தவறாகும். 'அப்பெயரில் கோப்போ அடைவோ இல்லை' எனச் சுட்டைத் திறந்தே விடுதல் நன்று.

6. வேற்றுமை உருபு

கோப்பின் பெயர் எவ்வெழுத்திலும் முடியலாம். எந்த எழுத்துமுறையிலும் இருக்கலாம். அதனுடன் உருபைச் சேர்க்கும்போது புணர்ச்சியை நிரல் முன்னரே அறிய இயலாது. '%s-ஐத் திறக்க' எனச் சிறுகோடிட்டு ஒட்டுவது கண்ணுக்கும் காதுக்கும் இடர் தருவது. '%s என்னும் கோப்பைத் திறக்க இயலவில்லை' என ஒட்டுப்பெயரால் அமைத்தால் உருபு பொதுப்பெயரின்மேல் நிற்கும். இரண்டு பெயர்கள் வருமிடத்தில், சொல்வரிசை மாற இடந்தரும் '%1$s', '%2$s' என்னும் எண்ணிட்ட குறிகள் தமிழின் வினையிறுதி அமைப்புக்கு உதவும். நிரலின் பெயர், கோப்பின் பெயர், பிழை என முக்காற்புள்ளியால் பிரித்து அடுக்கும் யூனிக்ஸ் மரபோ தமிழுக்கு மிக இயல்பானது. கருப்பொருளை முன்வைத்துக் கூற்றைப் பின்வைக்கும் பெயர்ப்பயனிலைத் தொடருக்கு அது நெருக்கமானது.

7. முடிவுரை

பிழைச் செய்தி தொடரின் வடிவில் அமைந்த கலைச்சொல்லாகும். கலைச்சொல்லுக்குரிய முதல் விதி, வேறானவை வேறாகவே நிற்றல். ஒவ்வொரு தொடரையும் தனித்தனியே பெயர்க்காமல், முழுப்பட்டியலையும் எதிரெதிர் வைத்து எந்த இரண்டும் ஒன்றாகாதவாறு பெயர்த்தல் வேண்டும். பழுது நீக்குவோர் பலர் செய்திமொழியை ஆங்கிலத்திற்கு மாற்றிக்கொண்டே பணியாற்றுகின்றனர். பிறர் கண்ட தீர்வைத் தேடுவதற்கு ஆங்கிலத் தொடரே வேண்டியிருப்பது இதன் காரணம். தமிழ்த் தொடருடன் குறியீட்டுப் பெயரையும் சேர்த்து அச்சிட்டால் இத்தேவை பெருமளவு குறையும். அப்பெயரைத் தரும் செயற்கூறு க்னூ சி நூலகத்தின் 2.32ஆம் பதிப்பில், 2020இல், சேர்க்கப்பட்டது. ஆகவே பெயர் மொழிபெயர்க்கப்படாது நிற்க, தொடர் தமிழாய் அமைவதே தக்க முறை.