கல்லும் கற்காரையும்: அரியலூர், பெரம்பலூர் பகுதிக் கட்டடங்களில் நேர்மை என்னும் அளவுகோல்

கட்டடக்கலைத் திறனாய்வில் 'பொருள் நேர்மை' என்னும் அளவுகோல் பரவலாக ஆளப்படுகிறது. கல் கல்லாகவும் மரம் மரமாகவும் தோன்ற வேண்டும். ஒன்று மற்றொன்றாக வேடமிடலாகாது என்பது அதன் சாரம். 19ஆம் நூற்றாண்டில் ஜான் ரஸ்கின் அறநெறியாகவே வலியுறுத்திய இக்கருத்து, நவீனக் கட்டடக்கலையின் வழியே நம் கல்விப்புலத்துக்கும் வந்து சேர்ந்தது. இதனை அப்படியே ஏற்கத் தடையாக நிற்பது அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரம்.

முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த அக்கோயிலின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடையது. அதன் கபோதம், கூடு, சாலை ஆகிய உறுப்புகள், மரத்தாலும் கூரை வேய்ந்தும் அமைந்த பழங்கட்டடங்களின் வடிவங்களைக் கல்லில் தருபவை. மேற்கண்ட அளவுகோலைக் கண்டிப்பாகப் பொருத்தினால் இவ்விமானமே பொய்யாகிவிடும். அவ்வாறு கூற எவரும் துணியார். கபோதம் கல்லானபின்னும் மழைநீரைச் சுவரினின்று விலக்குகிறது, நிழல் தருகிறது. மேலே செல்லச் செல்லத் தளங்கள் குறுகுவதால் உச்சியின் சுமை குறைகிறது. தஞ்சை விமானம் நேர்கோட்டில் உயர, இது உட்குழிந்து வளைகிறது. குறுகும் தளங்களே அவ்வளைவை வரைகின்றன. மேலே ஒட்டிய ஒப்பனை அன்று அது. எனவே நேர்மையைப் பொருளின் தோற்றத்தில் தேடாமல், உறுப்பு ஆற்றும் செயலில் தேடுவதே பொருந்தும்.

பெரம்பலூர் 1995இலும் அரியலூர் 2007இலும் மாவட்டங்களாயின (அரியலூர் 2001இல் ஒருமுறை பிரிந்து மீண்டும் இணைந்தது தனிக்கதை). அதன்பின் நெடுஞ்சாலையோரம் எழுந்த வணிக வளாகங்கள் பலவற்றில் சுமை தாங்கும் சட்டகம் ஒன்று, முகப்பு வேறு. மேற்கு வெயிலை நேரே வாங்கும் கண்ணாடி, அலுமினியத் தகடு; உள்ளே குளிரூட்டி. வரைபடத்தில் முகப்பு முதலில் பிறக்கிறது. வெப்பம் பற்றிய வினா மின்கட்டணம் வரும்போதுதான் எழுகிறது.

இதற்குக் கற்காரையைப் பழிப்பது முறையன்று. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட புதுச்சேரி கோல்கொண்டா விடுதி, 1930களின் இறுதியில் தொடங்கிய கற்காரைக் கட்டடமே. அதன் வடக்கு, தெற்கு முகங்களில் சன்னல் கண்ணாடி இல்லை. திருப்பத்தக்க கிடைப்பலகை வரிசைகள் காற்றை விட்டு வெயிலைத் தடுக்கின்றன. கருத்து, வரைபடம், கட்டுமானம் மூன்றும் காற்றோட்டம் என்னும் ஒரே வினாவுக்கு விடைகூறுகின்றன. முகப்பின் அழகு அப்பலகைகளின் அழகே.

கட்டுமானத்தின் நேர்மையைப் பொருள் பெறப்படும் இடத்திலிருந்தே கணக்கிட வேண்டும். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்டசோழபுரத்து மதிற்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. இன்று பெயர்த்தெடுக்கப்படுவது கிரெட்டேசியக் காலக் கடலடியில் படிந்த, தொல்லுயிர் எச்சங்கள் செறிந்த அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். அதைச் சுட்டு ஆக்கிய சிமெண்டை இப்பகுதியினர் தேர்வதற்கு அண்மை என்னும் காரணமேனும் உண்டு. கண்ணாடி முகப்புக்கு அக்காரணமும் இல்லை.