எங்கிருந்து வந்தது இந்தப் பானை?

பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றங்கரையில் ரிவர் சிட்டி என்றொரு கட்டடம். அதன் மாடிகளில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெளிநாடு போகும் பலருக்கு இப்படிக் கடைகளில் ஏறி இறங்குவது பிடித்தமான காரியம். அதை வெட்டிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் பொருள் இங்கே கைக்கு வருகிறது. தாய்லாந்தின் பழைய மட்பாண்ட வகையான சவன்கலோக்கில் பச்சைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில், மெருகு பூசாத மண்ணில், கருத்த வட்டம் ஒன்று தெரியும். சூளையில் கிண்ணத்தைத் தாங்கிய குழாய் வடிவ மண்தாங்கியின் தடம் அது. விளிம்பின் கனத்தையும் மெருகு வழிந்து உறைந்த இடத்தையும் விரல்தான் அறியும். நல்ல கடைக்காரர், வாங்காமல் போகிறவருக்கும் இதைப் பொறுமையாகக் காட்டுவார்.

சாதாரண வீட்டுச் சாமான்களுக்கும் இந்தக் கடைகள் ஆயுள் கொடுக்கின்றன. மூங்கில் பின்னலின் மேல் மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசிச் செய்த பர்மிய வெற்றிலைப் பெட்டி, உள்தட்டுகளோடு அப்படியே கிடைக்கும். வீட்டார் விற்றது, கடைக்காரர் வாங்கியது. இதில் யாருக்கும் இழப்பில்லை.

அதே அலமாரியில் பான் சியாங் பானை இருந்தால் கதையே வேறு. வெளிர் மண்ணில் சிவப்புச் சுழிகள் தீட்டிய அந்தப் பானைகள், வடகிழக்குத் தாய்லாந்தின் உடோன் தானி மாகாணத்தில் உள்ள பான் சியாங் என்ற ஊரில் இறந்தவர்களோடு புதைக்கப்பட்டவை. 1966க்குப் பிறகு அவற்றின் புகழ் பரவியது. வாங்க ஆள் வந்ததும் தோண்டவும் ஆள் வந்தது. 1972இல் அரசு தடை போட்டது. 1974-75இல் முறையான அகழாய்வு நடப்பதற்குள் ஊரின் பல இடங்கள் கிளறப்பட்டிருந்தன. எந்த மண்ணடுக்கு, எந்த உடலின் அருகே, பக்கத்தில் வெண்கலம் இருந்ததா என்பதெல்லாம் மண்வெட்டி விழுந்த கணத்திலேயே போய்விட்டது. அங்கே வெண்கலம் எப்போது தொடங்கியது என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகள் வாதாடிய நிலையில், அந்த இழப்பு சிறியதல்ல.

“நாங்கள் வாங்காவிட்டால் அழிந்துபோயிருக்கும்” என்று சேகரிப்பாளர்கள் சொல்வதுண்டு. வெற்றிலைப் பெட்டிக்கு அது பொருந்தும். கல்லறைப் பானைக்குப் பொருந்தாது. மண்ணுக்குள் அது பத்திரமாகத்தான் இருந்தது.

சரி, ஆவணம் கேட்டு வாங்கினால் போதாதா? கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆவணத்தையும் தயாரிக்கலாம் என்பது தமிழர்களுக்குத் தெரிந்த வலி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர், பொய்யான பூர்வீகக் காகிதங்களோடு நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் வழியாக 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போனார். விலை ஏறத்தாழ 50 லட்சம் டாலர். 2014இல்தான் திரும்பினார். அவ்வளவு பெரிய நிறுவனமே ஏமாந்த இடத்தில், ஒரு மாலைப்பொழுது மட்டும் கையில் உள்ள பயணி எதை வைத்துச் சரிபார்ப்பார்?

அதற்காகக் கடைக்குப் போவதை விடச் சொல்லமாட்டேன். பாருங்கள், தொடுங்கள், கேளுங்கள். கல்லறையிலிருந்தோ கோயிலிலிருந்தோ வந்திருக்கக்கூடியது என்றால் விலை கேட்காமலே வைத்துவிடுங்கள். தாய்லாந்தில் புத்தர் சிலையை வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நினைவில் வையுங்கள். பான் சியாங் பானைதான் மனதைப் பிடித்ததென்றால் அந்த ஊருக்கே போகலாம். வாட் போ சி நய் கோயில் வளாகத்தில், தோண்டிய குழியில் எலும்புகளும் பானைகளும் கிடந்த நிலையை அப்படியே காட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதே சுழிகளைத் தீட்டிப் புதுப் பானைகளும் செய்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவர அதுவே நல்ல பானை.