குழம்பிய திரையும் குறையுள்ள அட்டவணையும்

நோயாளி தன் துன்பத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதைக் காதில் வாங்காமல் மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவரை நாம் நல்ல மருத்துவர் என்று சொல்வதில்லை. ஆனால், பழைய வீட்டுக் கணிப்பொறியின் திரையில் எழுத்துகள் குழம்பித் தோன்றும்போது நம்மில் பலர் செய்வது அதுதான். 'ஏதோ கோளாறு' என்று மூடி வைத்துவிடுகிறோம். அல்லது கைக்கு எட்டிய சில்லைக் கழற்றி மாற்றிப் பார்க்கிறோம். குழம்பிய அந்த எழுத்துகளே கோளாறு இருக்கும் இடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்பழக்கத்திற்குப் பயனாளர் மட்டும் பொறுப்பல்லர். கணிப்பொறியுடன் வந்த கையேடுகளுக்கும் அதில் பங்கு உண்டு. இதைக் காட்ட, 1982-இல் வெளிவந்து, ஒரு கோடிக்கும் மேல் விற்ற கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணிப்பொறியின் பயனாளர் கையேட்டை எடுத்துக்கொள்வோம். அந்தப் பொறிகளைத் தேடியெடுத்துப் பழுது நீக்கி இயக்குவோர் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால், அதன் சிறப்புச் சில்லுகளைச் செய்த நிறுவனம் 1994-இல் மூடப்பட்டது. தவறான பழுதுபார்ப்பில் ஒரு நல்ல சில்லு கெட்டால், அசல் சில்லு ஒன்று குறைந்தது குறைந்ததுதான். எனவே, இந்த விமரிசனம் வெறும் பழங்கதை அன்று.

அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

கையேட்டின் முதல் இயலிலேயே கோளாறு, காரணம், பரிகாரம் என்று மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை உள்ளது. விளக்கு எரியவில்லையா? விசையையும் வடத்தையும் பார். படம் இல்லையா? தொலைக்காட்சியின் அலைவரிசையைப் பார். நிறம் சரியில்லையா? தொலைக்காட்சியைச் சரிசெய். ஒலி இல்லையா? ஒலியளவைக் கூட்டு. இவையெல்லாம் நல்ல அறிவுரைகளே. கணிப்பொறியை முதன்முதலாகக் கண்டவர்களுக்கு, 'திருகைக் கழற்றுமுன் வடத்தைப் பார்' என்று கற்பித்ததற்காக அட்டவணையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், எழுத்துகள் குழம்பினால் என்ன செய்வது? கார்ட்ரிட்ஜ் செருகியிருக்கும்போது திரையில் தாறுமாறான கோலம் தோன்றினால், மின்சாரத்தை நிறுத்தி அதை மீண்டும் செருகச் சொல்லும் ஒரு வரி மட்டுமே உண்டு. கார்ட்ரிட்ஜ் இல்லாமலே எழுத்துகள் குழம்பினால் அட்டவணை வாய் திறப்பதில்லை. வியப்பு என்னவென்றால், அந்தக் குழப்பத்தைப் படிக்கத் தேவையான திறவுகோல் அதே புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது! திரை எழுத்துகளின் எண் பட்டியல்தான் அது. அட்டவணையை எழுதியவர் அதைப் 'பின்னிணைப்பைப் பார்க்க' என்ற ஒரு சொல்லால் இணைத்திருந்தால் போதும். இணைக்கவில்லை, இதுவே நமது முதல் குற்றச்சாட்டு.

எழுத்து திரைக்கு வரும் வழி

அந்தத் திறவுகோல் எப்படிப் பயன்படும்? எழுத்து திரைக்கு வரும் வழியை முதலில் காண்போம். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். கொமடோர் 64-இன் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகளாக 25 வரிகள், ஆக 1000 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண், 1024 என்னும் முகவரியில் தொடங்கும் நினைவகப் பகுதியில் எழுதப்படுகிறது. 'ஏ' என்னும் ஆங்கில எழுத்துக்கு 1, 'பி'-க்கு 2, வெற்றிடத்துக்கு 32. இவையே பின்னிணைப்பில் உள்ள எண்கள்.

திரையை இயக்கும் விக் என்ற சில்லு இந்த எண்ணை எடுத்துக்கொண்டு, எழுத்து வடிவங்களைச் சேமித்து வைத்துள்ள ரோம் சில்லிடம் செல்கிறது. அங்கே ஒவ்வோர் எழுத்தும் 8 வரிசை, வரிசைக்கு 8 புள்ளி என்று குறிக்கப்பட்டிருக்கும். 'ஏ' என்ற எழுத்தின் வடிவம் 24, 60, 102, 126, 102, 102, 102, 0 என்னும் 8 எண்களே. இவற்றை இருமை எண்களாக மாற்றி, 1 வரும் கட்டங்களைக் கருமையாக்கிப் பாருங்கள். உங்கள் தாளிலேயே அந்த எழுத்து எழுந்து நிற்கும். எழுத்தின் நிறமோ தனியே வேறொரு சிறு நினைவகச் சில்லிலிருந்து வருகிறது.

ஆக, எண் ஓரிடம், வடிவம் ஓரிடம், நிறம் ஓரிடம். கோளாறும் இம்மூன்றில் எங்கே என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். எழுத்துகள் ஒழுங்காக இருந்து நிறம் மட்டும் கண்டபடி மாறினால் நிறச் சில்லையும் அதன் பாதையையும் ஐயுறலாம். தோன்றும் எழுத்து முழுமையான வடிவுடன் இருந்தும், வரவேண்டிய எழுத்தாக இல்லாவிட்டால் எண் மாறியிருக்கிறது. எழுத்தின் உருவமே சிதைந்து, அந்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் ஒரே மாதிரிச் சிதைந்திருந்தால் வடிவக் கிடங்கையோ அதற்குச் செல்லும் பாதையையோ பார்க்க வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன்

சில வேளைகளில் கோளாறே இராது. ஷிப்ட் விசையையும் கொமடோர் விசையையும் சேர்த்து அழுத்தினால் கணிப்பொறி மற்றோர் எழுத்து வரிசைக்கு மாறிவிடும். பெரிய எழுத்துகளாக எழுதியவை கோட்டுருவங்களாகத் தோன்றக்கூடும். மீண்டும் அழுத்தினால் பழையபடி ஆகும். ஏதேனும் ஒரு நிரல் 53272 என்னும் முகவரியில் தவறான எண்ணை எழுதிவிட்டால், விக் சில்லு வடிவங்களை வேறிடத்தில் தேடிப் போகும். திரை முழுதும் அலங்கோலமாகும். ரன்-ஸ்டாப், ரெஸ்டோர் ஆகிய இரு விசைகளையும் சேர்த்துத் தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையேல் அணைத்துப் போட்டால் போதும். இதற்கெல்லாம் திருப்புளி எதற்கு?

அப்போதும் குழப்பம் நீங்காவிட்டால் ஓர் அழகிய சோதனை உண்டு. திரையைப் பொருட்படுத்தாமல், போக் 53280,5 என்ற கட்டளையை விசைப்பலகையில் தட்டி ரிட்டர்ன் விசையை அழுத்துங்கள். திரையைச் சுற்றியுள்ள ஓரப்பட்டையைப் பச்சையாக்கும் கட்டளை அது. கொமடோர் 64 நாம் தட்டிய கட்டளையைத் திரை நினைவகத்திலிருந்தே மீண்டும் படித்து நிறைவேற்றுகிறது. எனவே, எழுத்துகள் எவ்வளவு அலங்கோலமாகத் தெரிந்தாலும் பட்டை பச்சையானால், நினைவகத்தில் அந்த எண்கள் நலமாக உள்ளன. கோளாறு அவற்றைக் காட்டும் பக்கத்தில் இருக்கிறது. பச்சையாகாவிட்டால் எண்ணே கெட்டிருக்கலாம், அல்லது பொறி நின்றுபோயிருக்கலாம். காசு செலவில்லை, கருவி தேவையில்லை, ஒரு நிமிடச் சோதனை. இத்தகைய சோதனைக்குக் கையேட்டின் அட்டவணையில் ஒரு வரி இடம் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

பிழையும் ஒரு கணக்கே

எண் கெட்டிருந்தால் எந்தச் சில்லு என்று காண முடியுமா? பல வேளைகளில் முடியும். தொடக்ககாலப் பலகைகளில் ராம் நினைவகம் எட்டுச் சில்லுகளால் ஆனது. ஒவ்வொரு சில்லும் எண்ணின் ஓர் இலக்கத்தை மட்டும் தாங்குகிறது. அவற்றின் மதிப்புகள் முறையே 1, 2, 4, 8, 16, 32, 64, 128. (பிற்காலப் பலகைகளில் இரண்டே சில்லுகள், அவை நந்நான்கு இலக்கங்களைத் தாங்கும்.)

1 மதிப்புள்ள இலக்கத்தின் சில்லில், திரைக்குரிய பகுதி கெட்டு எப்போதும் 1 என்றே காட்டுகிறது என்று கொள்வோம். இரட்டைப்படை எண்கள் ஒன்று கூடும். ஒற்றைப்படை எண்கள் அப்படியே இருக்கும். பொறி ஆயத்தம் என்பதற்கு அடையாளமாகத் திரையில் வரும் ரெடி என்ற சொல்லின் எழுத்துகள் ஆர், இ, ஏ, டி, ஒய். அவற்றின் எண்கள் 18, 5, 1, 4, 25. இவை 19, 5, 1, 5, 25 ஆகிவிடும். திரையில் எஸ், இ, ஏ, இ, ஒய் என்று தோன்றும். வெற்றிடமாகிய 32, 33 ஆகி, வெறும் இடமெல்லாம் ஆச்சரியக்குறி நிற்கும்!

இவ்வாறே, வெற்றிடங்களில் மேற்கோள்குறி நிரம்பினால் 2-க்குரிய சில்லு, டாலர் குறியானால் 4, இடப்பக்க அடைப்புக்குறியானால் 8, சுழியானால் 16, நிறைந்த கட்டமானால் 128. '@' என்னும் குறி நிரம்பினால், 32-க்குரிய இலக்கம் 0 ஆகவே நின்றுவிட்டது என்று பொருள். 64-க்குரிய இலக்கம் கெட்டால் வெற்றிடம் மாறாது. 'ஏ' என்னும் எழுத்து சீட்டுக்கட்டின் ஸ்பேடு குறியாகும். பள்ளியில் கற்ற கூட்டல் கணக்கு இங்கே நோயறியும் கருவியாகிவிடுகிறது அன்றோ?

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு சில்லு முழுவதும் செயலிழந்தால் பொறி பெரும்பாலும் தொடங்கவே தொடங்காது, வெறுந்திரைதான் மிஞ்சும். மேலே சொன்ன கணக்கு, சில்லின் ஒரு பகுதி மட்டும் கெட்ட நிலைக்கே பொருந்தும். தொடக்க அறிவிப்பில் வரும் 38911 என்ற எண்ணும் ஒரு சான்று. பொறி தன் நினைவகத்தைத் தானே சோதித்துக் கண்ட அளவு அது. கார்ட்ரிட்ஜ் இல்லாதபோதும் அவ்வெண் குறைந்தால், சோதனை நடுவழியில் ஒரு கெட்ட இடத்தில் தடுக்கி நின்றுவிட்டது என்று அறியலாம்.

சில்லு மாற்றும் பழக்கம்

கையேடு விட்ட இடைவெளியைப் பிற்காலப் பழுதுபார்ப்போரின் அட்டவணைகள் நிரப்பின. 'இந்தக் கோளாறுக்கு இந்தச் சில்லுகள்' என்று அவை வரிசைப்படுத்தின. அனுபவத்தில் பிறந்த அவை பயனற்றவை அல்ல. ஆனால், ஒரே அறிகுறிக்கு நான்கைந்து சில்லுகளின் பெயரைச் சொல்லும்போது, 'ஒவ்வொன்றாக மாற்றிப் பார்' என்ற பொருளே வாசகருக்குக் கிடைக்கிறது. எந்த நேரத்தில் எந்தச் சில்லு பேசவேண்டும் என்று முறைப்படுத்தும் பிஎல்ஏ என்னும் சில்லு கெட்டால், அது ராம் கோளாறு போலவும் வடிவக் கிடங்கின் கோளாறு போலவும் வேடம் போடக்கூடும். அப்போது எட்டு ராம் சில்லுகளையும் கழற்ற முனைந்தால், சில்லுக்கு 16 கால் வீதம் 128 கால்களின் சால்டரை உருக்க வேண்டும். ஒரு காலில் சூடு மிகுந்தாலும் பலகையின் செப்புத் தடம் உரிந்து வரும். நோய் ஒன்று, வைத்தியத்தால் வந்தவை பல!

ஐயத்துக்குரிய சில்லின் முதுகில் நல்ல சில்லு ஒன்றை அழுத்தி வைத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. கெட்ட சில்லு ஊமையாகிவிட்டிருந்தால் இது பலிக்கும். அது தவறான விடையை உரக்கக் கூவிக்கொண்டிருந்தால், நல்ல சில்லின் குரல் எடுபடாது. திரை சரியாகவில்லை என்பதால் கீழுள்ள சில்லு நல்லது என்று முடிவு கட்டுவது பிழை.

விளக்கு எரிந்தால் போதுமா?

கையேட்டின் மேல் நமது இரண்டாவது குற்றச்சாட்டு முதலாவதைவிடக் கடுமையானது. மின்வழங்கியைப் பற்றி அந்த அட்டவணை கேட்கும் கேள்வி, 'விளக்கு எரிகிறதா?' என்பதே. இப்பொறியின் மின்வழங்கி தனிப் பெட்டியாக வெளியே இருக்கிறது. அது தரும் மின்சாரங்களில் ஒன்று 5 வோல்ட் நேர்மின்சாரம். நினைவகச் சில்லுகள் அதை நம்பியே வாழ்கின்றன. பல பெட்டிகளில் உட்புறம் பிசின் ஊற்றி இறுகச் செய்துவிட்டார்கள். வெப்பம் எளிதில் வெளியேறாது, திறந்து பழுது பார்க்கவும் வழியில்லை. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு முதுமையால் தளரும்போது 5 வோல்ட் உயர்ந்து சில்லுகளைக் கொன்றுவிடும். விளக்கோ 5 வோல்ட்டிலும் எரியும், 6 வோல்ட்டிலும் எரியும். கொலை நடக்கும் வீட்டின் வாசலில் விளக்கு எரிவதைக் கண்டு 'எல்லோரும் நலம்' என்று சொல்வது போன்றது அது.

1982-இல் புதிய பெட்டிக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்திருக்கலாம். ஆண்டுகள் 40-க்கு மேல் கடந்த பெட்டிக்கு அது போதவே போதாது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவரைக் கொண்டு, பொறியுடன் இணைக்குமுன் அளந்து பார்க்க வேண்டும். 4.75-க்கும் 5.25-க்கும் இடையே இருந்தால் நன்று. சூடேறிய பின் உயரும் பெட்டிகளும் உள்ளன; ஆகவே சிறிது நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஐயம் எழுந்தால் பழைய பெட்டியை ஒதுக்கிவிட்டுப் புதிய மின்வழங்கியை நாடுவதே அறிவுடைமை. இதைச் செய்யாமல் புதுச் சில்லைப் பொருத்துவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும். மாணவர்கள் மின்வழங்கியையும் பழைய தொலைக்காட்சியையும் தாமாகத் திறக்கவே கூடாது. அவற்றின் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் உண்டு.

நாம் விரும்பும் அட்டவணை

அப்படியானால் நல்ல அட்டவணை எப்படி இருக்க வேண்டும்? அது சில்லின் பெயரில் தொடங்கக் கூடாது. கேள்வியில் தொடங்க வேண்டும். மின்னழுத்தம் சரியா? விசை அழுத்தினால் தீரும் குழப்பமா? எண் மாறியதா, வடிவம் சிதைந்ததா, நிறம் மட்டும் தவறியதா? எண் மாறியதென்றால் எவ்வளவு மாறியது? நான்கு கேள்விகளும் முடியும்போது ஐயத்துக்குரியவை பல சில்லுகளிலிருந்து ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். அதன்பின் நிரலாளர் வழிகாட்டி நூலின் இறுதியில் உள்ள மின்சுற்றுப் படம் வழிகாட்டும். அந்தப் படத்தை வெளியிட்ட பெருந்தன்மை அதே நிறுவனத்துக்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தப் பாடம் ஒரு பழைய பொறியோடு முடிவதில்லை. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் வெவ்வேறு எண்முறைகளைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதத்தை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகள் நிரம்பின. 'கோப்பு கெட்டுவிட்டது' என்று எண்ணி அழித்தவர்கள் பலர். உண்மையில் எண்கள் ஒன்றும் கெடவில்லை; அவற்றுக்குரிய வடிவப் பட்டியல்தான் மாறியிருந்தது. எண் வேறு, வடிவம் வேறு என்று தெரிந்தவர்கள் எழுத்துருவை மாற்றிக் கடிதத்தைக் காப்பாற்றினார்கள்.

திரை குழம்பும்போது நம் அறிவும் உடன் குழம்ப வேண்டியதில்லை. கண்டதைத் தாளில் எழுதுங்கள். வரவேண்டியதை அதனருகே எழுதுங்கள். இரண்டுக்கும் உரிய எண்களைக் கழித்துப் பாருங்கள். அந்த விடை கையில் இருக்கும்போது, திருப்புளியை எடுப்பதா வேண்டாமா என்பது தானே விளங்கும்.