‘தனியா எங்க கிளம்பிட்ட?’

2020 ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் ஒரு வகைக் கட்டுரை நிறைய வந்தது. ஊரடங்கு. ஒருவர் விடிகாலையில் தனியாக நடக்கப் போகிறார். சாலையில் வண்டி இல்லை. மயில் வருகிறது, தூரத்து மலை துல்லியமாகத் தெரிகிறது, மனசு லேசாகிறது. இயற்கை மூச்சு விடுகிறது என்று முடிப்பார். நானும் ரசித்துத்தான் படித்தேன். ஆனா ஒன்றிரண்டைத் தவிர எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

ரசிக்க விஷயம் இல்லாமல் இல்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். மேற்கே முழுக்க மலை கூடவே வரும். பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கத்து வசந்தம் ஆங்கிலக் கவிதையில் வரும் வசந்தம் கிடையாது. மண்பாதையில் உதிர்ந்து கிடக்கும் வேப்பம்பூ, தளிர் விட்ட புங்கை, வடு பிடித்த மாந்தோப்பு, வெடித்துப் பஞ்சைப் பறக்கவிடும் இலவு, நாளுக்கு நாள் வற்றும் கண்மாய். ஏழரை மணிக்குள் வீடு திரும்பாவிட்டால் மண்டை காய்ந்துவிடும். பஸ் ஹாரன் இல்லாத அந்த வாரங்களில் குயில் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

சிக்கல் என்னன்னா, அந்தக் கட்டுரைகள் பார்த்ததைப் பட்டியல் போட்டன. நடக்க முடிந்ததே ஒரு சலுகை என்பதை மறந்துவிட்டன. பிரிட்டனில் மார்ச் 23 அன்று ஊரடங்கை அறிவித்தபோதே, நாளுக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்காக வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து வந்த நடைக் கட்டுரைகளுக்குச் சட்டத்தின் அனுமதி இருந்தது. இங்கே மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவில் அப்படி ஒரு வரி இல்லை. வெளியே வந்தவர்களைப் போலீஸ் தோப்புக்கரணம் போடவைத்த வீடியோக்களை எல்லாரும் பார்த்தோம். அதே நாட்களில் வேலை இழந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்பினார்கள். அப்போ கண்மாய்க் கரையில் நிம்மதியாக நடந்தது யார்? பார்த்தவர்கள் ‘சார்’ என்று விலகி வழிவிட்ட ஆள்தான்.

இதே ஊரில் இதைவிடக் கூர்மையான ஒரு பிரதி ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழி: 14 பதிகங்கள், 143 பாசுரங்கள். திருப்பாவையை மார்கழிதோறும் ஒலிபெருக்கியில் கேட்கிறோம். இதை அந்த அளவுக்கு யாரும் போடுவதில்லை. திருப்பாவை தோழிகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடக்கும். நாச்சியார் திருமொழி தையில் தொடங்கும். காமன் வரும் காலமான பங்குனியும் அதில் உண்டு. போகப்போக அந்தப் பெண் தனியாகிவிடுவாள்.

ஐந்தாம் பதிகத்தில் அவள் குயிலிடம் பேசுகிறாள். வில்லிபுத்தூரில் இருப்பவனைப் பார்க்க வேண்டும், அவன் வரும்படி கூவு என்கிறாள். ஆசை காட்டுகிறாள்: நான் ஊட்டி வளர்த்த கிளியை உனக்குத் தோழியாக்குகிறேன். கடைசியில் மிரட்டியே விடுகிறாள்: இன்றைக்குக் கூவலைன்னா இந்தச் சோலையை விட்டே உன்னை விரட்டுவேன். அப்புறம் சங்கிடம், மேகத்திடம், பூக்களிடம் பேசுகிறாள். நம்ம கட்டுரைகளில் குயில் ஒரு பின்னணி இசை. இங்கே குயில் பதில் சொல்லியாக வேண்டிய ஆள். வெளியே போக முடியாதவளுக்கு வெளியே உள்ள ஒவ்வொன்றும் தேவைப்படுகிறது; வேடிக்கை பார்க்க அவளுக்கு நேரமில்லை.

பன்னிரண்டாம் பதிகம்தான் உச்சம். அதில் அவள் வரிசையாக இடங்களைச் சொல்கிறாள்: மதுரா, ஆயர்பாடி, யமுனைக் கரை, கோவர்த்தனம், துவாரகை. அங்கே என்னைக் கொண்டுபோய் விடுங்கள் என்று வீட்டாரிடம் கேட்கிறாள். வரைபடமே அவள் வாயில் இருக்கிறது, கால் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. ஏன் தானே போகவில்லை? காரணத்தையும் அவளே சொல்லிவிடுகிறாள். அப்பா, அம்மா, சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கும்போது இவ தன்னந்தனியா கிளம்பிட்டாளே என்று ஊர் பேசத் தொடங்கினால், அந்தப் பழியை யாராலும் தடுக்க முடியாது. அதனால் நீங்களே நடுராத்திரியில் கூட்டிப்போய் விட்டுவிடுங்கள் என்கிறாள். கெஞ்சலும் மிரட்டலும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒரு பெண் தனியாக நடந்தால் என்ன விலை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறு பழைய பிரதி எனக்குத் தெரியாது.

இது பக்தி, இதில் போய் ஊரடங்கைத் தேடலாமா என்று கேட்கலாம். பெரியவாச்சான் பிள்ளை உரை எழுதிய மரபு இதை இறைவனுக்கான தவிப்பாகத்தான் வாசிக்கிறது. அந்த வாசிப்பில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தவிப்பு எவ்வளவு தெய்வீகமானாலும், அது மோதி நிற்கும் சுவர் இந்த ஊர்ச் சுவர்தான். பாசுரம் அந்தச் சுவரை மறைக்கவில்லை. கடவுளைத் தேடும் பாட்டிலேயே அக்கம்பக்கத்து வாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறது.

இந்தப் பக்கம் பாதையில் எதிரே வருகிறவர்கள் ‘எங்க போறீங்க?’ என்று கேட்பது பழக்கம். ஆணுக்கு அது குசலம். ‘சும்மா ஒரு நடை’ என்றால் போதும். காலை ஐந்தரைக்கு ஒரு பெண் கண்மாய்க் கரையில் போனால், அதே கேள்வி ‘தனியா எங்க கிளம்பிட்ட?’ என்று மாறும். ‘சும்மா’ என்ற பதில் செல்லாது. ஊரடங்கு சில மாதங்களுக்கு எல்லாரையும் அந்த நிலையில் வைத்தது. நடக்கக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, சீட்டு காட்ட வேண்டியிருந்தது. எழுத வேண்டியது அந்த அனுபவம்தான். நம்ம கட்டுரையாளர்கள் அதை விட்டுவிட்டு மயிலை எழுதினார்கள்.

மயிலை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. வேப்பம்பூ வாசத்தில் தனியாக நடப்பது பெரிய சுகம், அதை எழுதத்தான் வேண்டும். எழுதும்போது அந்தப் பாதை யாருக்குத் திறந்திருந்தது, யார் ஜன்னல் வழியாகவே குயிலைக் கேட்டார்கள் என்பதும் வாக்கியத்துக்குள் வரட்டும். அடுத்த பங்குனியில் செண்பகத்தோப்புப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் கிளம்புமுன் பன்னிரண்டாம் பதிகத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது.