உப்புக்குக் கூடும் காடு

வறட்சிக் காலத்தில் நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் ஒரே குட்டையைச் சுற்றி யானையும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. அதே எதிர்பார்ப்போடு நம் மலேசியக் காட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான். இங்கே ஆண்டு முழுக்க மழை, திரும்பிய பக்கமெல்லாம் ஓடை. தண்ணீருக்காக எந்த விலங்கும் ஓரிடத்தில் கூட வேண்டியதில்லை.

உப்புக்குத்தான் கூடுகின்றன. ஓயாத மழை மண்ணின் சோடியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் மழைக்காட்டுத் தழையில் உப்புச்சத்து குறைவு. தழை தின்று வாழும் யானை, தாப்பிர், கடமான், காட்டெருமை எல்லாம் தாதுச்சத்து ஊறும் சேற்று ஊற்றைத் தேடி வரும். மலாயில் அதற்கு ‘சிரா’ என்று பெயர்.

பினாங்கிலிருந்து கூலிம், பாலிங், கெரிக் வழியாகக் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனால் பாண்டிங் தீவுப் படகுத்துறை. அங்கிருந்து தெமெங்கோர் ஏரியில் படகேறினால் ராயல் பெலும்: 2007-இல் அரசிதழில் இடம்பெற்ற, 117,500 ஹெக்டர் பரப்புள்ள மாநிலப் பூங்கா. அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும்.

மாலை சாயும் நேரத்தில் படகோட்டியிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் வேலை காதுக்குத்தான். மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் அந்தக் கரையையே பாருங்கள். யானைக் கூட்டம் புல் மேய வந்தால், குட்டிகள் எந்தக் கால்களுக்கு நடுவே நடக்கின்றன, எந்தத் துதிக்கை முதலில் உயர்ந்து காற்றை மோப்பம் பிடிக்கிறது என்று கவனியுங்கள். வாசனைத் திரவியம் வேண்டவே வேண்டாம்.

சிராவில் பகலில் பெரும்பாலும் சேறுதான் இருக்கும். அவசரப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். என் கணக்கில் பயணத்தின் சிறந்த பகுதியே அதுதான். முந்தைய இரவு வந்துபோனவர்கள் அத்தனை பேரும் அந்தச் சேற்றில் இருக்கிறார்கள். பிளந்த குளம்பு கடமானுடையதாகவோ காட்டெருமையுடையதாகவோ இருக்கலாம். தாப்பிருக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. வட்டமான பெரிய தடம் யானை. ஒரு நூல் எடுத்துப் போங்கள். முன்கால் தடத்தின் சுற்றளவை அளந்து இரட்டித்தால் ஏறக்குறைய அந்த யானையின் தோள் உயரம் வந்துவிடும். தடத்தில் தேங்கிய நீர் இன்னும் கலங்கலாக இருந்தால், யானை போய்ச் சற்று நேரம்தான் ஆகிறது, உடனே விலகிவிடுங்கள். இதையெல்லாம் ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர்கள் அந்தக் காட்டிலேயே வாழும் ஜஹாய் பூர்வக்குடியினர். அவர்களில் ஒருவர் வழிகாட்டியாகக் கிடைத்தால் விடாதீர்கள். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

திரும்பும்போது கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையை இருட்டுவதற்கு முன்பே கடந்துவிடுங்கள். சாலையோரப் புல்லுக்கும் யானைகள் வரும். 2025 மே மாதம் அதே சாலையில் லோரி மோதி ஒரு குட்டி யானை இறந்தது; லோரிக்கு அடியில் கிடந்த குட்டியை விட்டுத் தாய் நகரவில்லை. நாம் பார்க்கப் போகும் யானைகள் கடக்கும் சாலை அது. தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள்.